எண்ணாத இடத்தில் பூஜ்யம்

மார்ச் 4, திங்கள்

மதியம். ஆறாவது மாடிப் படிக்கட்டு. லிஃப்ட் நின்றால் ஒழிய இங்கே யாரும் வருவதில்லை. அதனால்தான் இந்த நோட்டும் நானும் இங்கே.

சின்னவள் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்து இன்றோடு ஐந்து வாரம். சேர்த்துவிட்டது யார்? நான். கொழுந்தன் மனைவி, ஒரே வீட்டில் இருப்பவள், நன்றாகப் படித்தவள், கல்யாணத்துக்குப் பிறகு வேலை இல்லாமல் இருக்கிறாளே என்று பாதியிடம் நானே போய்ப் பேசினேன். பாதி எங்கள் மேலாளர். பத்து நாளாகும் என்றால் ஐந்து நாளில் முடியாதா என்பார். ஐந்து என்றால் இரண்டரை. அலுவலகம் முழுக்க அவருக்கு அதுதான் பெயர், அவருக்கும் தெரியும். "உங்க ஓரகத்தியா? அப்ப வீட்டுச் சண்டைய இங்க கொண்டு வரக்கூடாது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பல்லை இளித்தேன் என்று எழுத வேண்டும்.

இன்றைய கூட்டம். நீர் வாரியம் தன் ஸ்கீமாவை, அதாவது அறிக்கை எந்த வடிவில் வர வேண்டும் என்ற வரையறையை, மாற்றிவிட்டது. ஆய்வுக்கூடங்கள் தண்ணீரைச் சோதித்து எங்கள் மென்பொருளில் ஏற்றும் முடிவுகள் ஏப்ரல் எட்டு முதல் புது வடிவத்தில்தான் வாரியத்துக்குப் போக வேண்டும். நான் மூன்று மாதம் கேட்டேன். நியாயமாகத்தான் கேட்டேன். இந்த முடிவுகளை எக்ஸ்எம்எல் என்ற கணினி வடிவத்துக்கு மாற்றும் நிரல் என்னுடையது. நாலாயிரத்து முந்நூறு வரி. ஒன்பது வருடம். ஒவ்வொரு வரியும் என் கை.

சின்னவள் கை தூக்கினாள், வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி.

"புதுசா எழுதவே வேணாம் சார். நம்ம கிளாஸ் மேலயே அன்னொட்டேஷன் போட்டுட்டா போதும். அவங்க ஸ்கீமால இருக்கற டைப்புக்கும் நம்ம கிளாசுக்கும் அதுவே முடிச்சு போட்டுக்கும்."

"எத்தனை நாள்?"

"மூணு வாரம்."

பாதி அதைப் பாதியாக்கவில்லை. அப்படியே எழுதிக்கொண்டார்.

மார்ச் 5, செவ்வாய்

புரியாத விஷயத்தின் மேல் பொறாமைப்படுவது கேவலம் என்று காலையில் உட்கார்ந்து படித்தேன். எனக்கு நானே விளக்கிக்கொள்கிறேன்.

எங்கள் நிரலில், சோதனைக்கு எடுத்த ஒரு தண்ணீர் மாதிரி என்பது ஒரு கிளாஸ். எடுத்த இடம், எடுத்த நேரம், குளோரின், கலங்கல், கிருமி எண்ணிக்கை – எல்லாம் அதற்குள் ஒவ்வொரு புலம். வாரியத்துக்கு அதே விஷயம் எக்ஸ்எம்எல் ஆகப் போக வேண்டும். எது முன்னால், எது பின்னால், எது எண், எது தேதி, எது கட்டாயம், எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை – இதையெல்லாம் ஸ்கீமா சொல்லும். இங்கிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் அங்கே அதனதன் இடத்தில் வைத்தது என் நிரல். சுமை தூக்கும் வேலை, சரி, ஆனால் ஒரு சாமான் உடையாமல் தூக்கினேன்.

அவள் சொல்வது, தூக்கவே வேண்டாம். ஒவ்வொரு புலத்தின் தலைக்கு மேலும் மின்னஞ்சல் முகவரியில் வரும் அந்த அட் குறி, கூட ஒரு சின்னக் குறிப்பு. "அங்கே உன் பெயர் இது, உன் இடம் மூன்றாவது, நீ கட்டாயம் போக வேண்டும்." புதுச் சட்டையின் கழுத்துக்குள் எப்படித் துவைப்பது என்று ஒரு துணித்துண்டு தைத்திருக்குமே, அது மாதிரி. மீதியை லைப்ரரி, யாரோ எழுதிவைத்த தயார் நிரல், பார்த்துக்கொள்ளும்.

நல்ல யோசனை.

அதுதான் எரிகிறது.

மார்ச் 8, வெள்ளி

மகளுக்கு நாளை கணக்குப் பரீட்சை. வா, சொல்லித் தருகிறேன் என்றேன். "வேணாம்மா, சித்தி சொன்னா சீக்கிரம் புரியுது." சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு ஓடிவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம். பின்னத்தில் சிரிக்க என்ன இருக்கிறது?

அத்தை சாப்பிடும்போது, "சின்னவ வேலைக்குப் போக ஆரம்பிச்சதும் மொகத்துல ஒரு களை வந்திருக்கு, பாத்தியா?" என்றார். பதினான்கு வருடமாக வேலைக்குப் போகிறேன். என் முகத்தில் என்ன வந்தது என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

இவரிடம் சொன்னேன். "நீதானே அவள சேத்துவிட்ட? சந்தோஷப்படு" என்றார். சந்தோஷப்படுகிறேன். பார்த்தால் தெரியவில்லையா.

மார்ச் 11, திங்கள்

பாதி இன்று அவள் மேசைக்கு நான்கு முறை போனார். என் மேசைக்கு ஒரு முறை. ஸ்டேப்ளர் கேட்டு.

மார்ச் 13, புதன்

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் கேட்டாள்: "அக்கா, உங்க பழைய கோட்ல நெறைய ‘இப்படி இருந்தா இப்படி, இல்லன்னா அப்படி’ன்னு வருதே, அதெல்லாம் எதுக்குன்னு எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

"படிச்சா புரியும்" என்றேன்.

"படிச்சேன். பாதிதான் புரிஞ்சுது."

"மேலாளர் மாதிரியே ஆயிட்ட" என்றேன். சிரித்தாள். பேச்சு அதோடு முடிந்தது. எழுதி வைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் என் தலைக்குள் இருக்கிறது, கேள் என்று சொல்லியிருக்கலாம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் கெட்டவளா? இல்லை, களைப்பு.

மார்ச் 20, புதன்

ஓடிவிட்டது. பதினாறே நாளில். சொன்ன மூன்று வாரம்கூட ஆகவில்லை. பெரிய திரையில் காட்டினாள். ஒரு மாதிரியை எடுத்தாள், ஒரே ஒரு கட்டளை, வாரியத்தின் ஸ்கீமா ஒரு குறையும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. என் நாலாயிரத்து முந்நூறு வரி இருந்த இடத்தில் முந்நூற்றெண்பது வரி. பெரும்பாலும் அட் குறிகள்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்குத்தான் கடைசியில் நிறுத்தத் தெரியவில்லை.

பக்கத்து மேசைக்காரன் நல்லெண்ணத்தோடு, "ஒம்பது வருஷத்த சுருட்டி சட்டப் பையில வெச்சிட்டாங்களே மேடம்!" என்றான். அவனுக்கு நல்லெண்ணம் தவிர வேறு ஒன்றும் கிடையாது. அடிக்கலாம் போல இருந்தது.

"எல்லாம் அக்கா போட்ட கிளாஸ்தான். நான் மேல லேபிள் ஒட்டினேன், அவ்ளோதான்" என்றாள் சின்னவள். அந்த அடக்கம் இருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கொஞ்சம் திமிர் காட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மார்ச் 28, வியாழன்

இதை எழுதியே ஆக வேண்டும். வரிசையாக எழுதுகிறேன்.

அவள் நிரலைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுக்கும் வேலை எனக்கு. முறைப்படி அப்படித்தான் – பழசு தெரிந்தவள் பார்க்க வேண்டும். காலை பத்து மணியிலிருந்து குறை தேடினேன். உண்மையாகவே தேடினேன், தலையில் பேன் பார்ப்பது மாதிரி. ஒன்றுமில்லை. பெயர்கள் சரி, வரிசை சரி, தேதி வடிவம் சரி. பதினொன்றே முக்காலுக்குக் கிருமி எண்ணிக்கைக்கு வந்தேன்.

கிருமி எண்ணிக்கை தெரிய இரண்டு நாள் ஆகும். மாதிரியைத் தட்டில் ஊற்றி, சூட்டில் வைத்து, வளர்ந்ததை எண்ண வேண்டும். குளோரினும் கலங்கலும் அரை மணியில் தெரிந்துவிடும். அதனால் ஆய்வுக்கூடம் முதலில் ஒரு இடைக்கால அறிக்கை அனுப்பும், பிறகு முழு அறிக்கை. இடைக்கால அறிக்கையில் கிருமி எண்ணிக்கை இருக்கவே கூடாது. காலியாகக்கூட இல்லை, அந்த உறுப்பே எக்ஸ்எம்எல்லில் வரக்கூடாது. ஸ்கீமா அதற்கு இடம் கொடுக்கிறது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிறது.

நான் ஒன்பது வருடம் முன்பு அந்தப் புலத்தை ‘இன்ட்’ என்று வைத்தேன். வெறும் முழு எண். அதற்கு வெறுமை என்ற நிலையே கிடையாது. யாரும் ஒன்றும் வைக்காவிட்டால் தானாகப் பூஜ்யம் என்று உட்கார்ந்திருக்கும். அதனால் பக்கத்தில் ‘எண்ணியாயிற்றா’ என்று இன்னொரு புலம் வைத்தேன், ஆமா இல்லை என்று சொல்ல. என் நிரலில் இரண்டாயிரத்துச் சொச்சமாவது வரி: எண்ணியாகவில்லை என்றால் எழுதாதே. ஒரே வரி. ஏன் என்று ஒரு குறிப்பும் போடவில்லை.

அவள் கிருமி எண்ணிக்கையின் தலையில் அன்னொட்டேஷன் வைத்திருக்கிறாள். ‘எண்ணியாயிற்றா’வுக்கு வாரியத்தின் ஸ்கீமாவில் இடமில்லை, அதனால் ‘இதை விட்டுவிடு’ என்று இன்னொரு அன்னொட்டேஷன். இரண்டும் தனித்தனியாகச் சரி. சேர்த்துப் பார்த்தால் – எண்ணாத மாதிரிக்கும் பூஜ்யம் போகும். கிருமி பூஜ்யம். குடிக்கலாம் என்று அர்த்தம்.

பார்த்தவுடன் என் உடம்பில் ஒரு குளிர்ச்சி ஓடியது. பயம் இல்லை. சந்தோஷம். எழுதவே வெட்கமாக இருக்கிறது – சந்தோஷம்தான்.

ஆனாலும் கருத்துப் பெட்டியில் எழுதினேன்: "எண்ணாத மாதிரிக்கு என்ன போகும்?" அனுப்பினேன். சத்தியமாக அனுப்பினேன்.

அதே நிமிஷம் பாதி என் மேசைக்கு வந்து நின்றார். "வாரியத்துல விளக்கிச் சொல்ற கூட்டத்துக்கு இந்தத் தடவ சின்னவங்க போகட்டும், என்ன? புதுசு பத்திக் கேப்பாங்க. நீங்க பழசுலதானே..." முடிக்காமல் போய்விட்டார். ஒன்பது வருடமாக அந்தக் கூட்டத்துக்கு நான்தான் போவேன்.

கருத்தை அழித்தேன். ஒப்புதல் பொத்தானை அழுத்தினேன்.

பன்னிரண்டு மணி இரண்டு நிமிடம்.

ஏப்ரல் 2, செவ்வாய்

சோதனைக் குழுவில் பழைய அறிக்கைகள் வேண்டும் என்று கேட்டார்கள். நூற்றிருபது கோப்புகள் கொடுத்தேன். பழைய நிரலிலும் புது நிரலிலும் ஓட்டிப் பார்த்தார்கள். வடிவம்தான் வேறு, நூற்றிருபதிலும் மதிப்புகள் எழுத்துக்கு எழுத்து ஒன்று.

எல்லாம் முழு அறிக்கைகள். ஒரு இடைக்கால அறிக்கைகூட அதில் இல்லை. யாரும் கேட்கவில்லை, நான் கொடுக்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? கொடுத்திருப்பேன்... கொடுத்திருப்பேன்.

இன்னும் ஆறு நாள் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம்.

ஏப்ரல் 5, வெள்ளி

வாரியக் கூட்டம் முடிந்து வந்தாள். நன்றாகப் பேசினாளாம். வழியில் அத்தைக்கு ஒரு செருப்பு, எனக்கு ஒரு பேனா வாங்கி வந்திருக்கிறாள். "நீங்க எங்கயோ உக்காந்து எழுதிட்டே இருப்பீங்கல்ல, க்கா." நல்ல பேனா. வழுக்கிக்கொண்டு போகிறது.

சொல்லவில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

காலை எட்டுக்குப் புதியது ஓட ஆரம்பித்தது. பழையதை நிறுத்தியது நானே.

ஏப்ரல் 10, புதன்

பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். இரண்டு நாளில் பதினான்கு இடைக்கால அறிக்கைகள். பதினான்கிலும் பூஜ்யம்.

ஒன்றும் ஆகவில்லை. ஆய்வுக்கூடத்துக்காரர்கள் போனில் பேசிக்கொள்வார்கள். வாரியத்தில் மனிதர்கள் இருப்பார்கள், மடையர்கள் இல்லையே. இன்று யாராவது கவனித்து, "இது என்ன, எண்ணாமலே பூஜ்யமா?" என்று கேட்டால் பாதியின் முகம் சுருங்கும், அவளைக் கூப்பிடுவார், பிறகு என்னைக் கூப்பிடுவார், நான் ஐந்து நிமிடத்தில் சரி செய்து கொடுப்பேன். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. ஒரு ஐந்து நிமிடம்.

யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

ஆறு பேர்.

ஒரு பகுதியில் குடிநீர்க் குழாய் உடைந்து செவ்வாயன்று சரி செய்திருக்கிறார்கள். மண் உள்ளே போயிருக்கும், தெரிந்த விஷயம். குழாயைக் கழுவி, மாதிரி எடுத்து, புதன் மதியம் இடைக்கால அறிக்கை வந்தது. எங்கள் நிரல் வழியாக. கிருமி பூஜ்யம். வாரியத்தின் கணினி அதைப் பார்த்துத் தானாகவே ‘திறக்கலாம்’ என்று சொல்லிவிட்டது. மாலையே தண்ணீர் விட்டுவிட்டார்கள். இன்று காலை ஆய்வுக்கூடத்தில் எண்ணிப் பார்த்தால் முப்பத்துநான்கு. அதற்குள் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் ஆறு பேர் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரியில்.

ஆய்வுக்கூடத் தலைவி போனில் கத்தியது கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கேட்டது. "நாங்க எண்ணவே இல்லீங்க! எண்ணாத ஒண்ண யாரு பூஜ்யம்னு எழுதினது?"

சின்னவள் வெளுத்துப் போனாள். ஆனால் கை நிற்கவில்லை. நாற்பது நிமிடத்தில் சரி செய்துவிட்டாள். அந்த ‘இன்ட்’டை எடுத்துவிட்டு, வெறுமையாக இருக்கக்கூடிய வகையை வைத்தாள். எண்ணாவிட்டால் வெறுமை, வெறுமை என்றால் அந்த உறுப்பே போகாது. ‘எண்ணியாயிற்றா’வும் வேண்டாம், ஒரு ‘இப்படி இருந்தால்’ வரியும் வேண்டாம். ஒன்பது வருடம் முன்பு நான் செய்திருக்க வேண்டியது.

நான் எதிர்பார்த்த அந்த ஐந்து நிமிடம் எனக்கு வரவே இல்லை.

கூட்டத்தில் பாதி, "யாரு பாத்து ஒப்புதல் குடுத்தது?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "என் தப்பு சார். நான் எழுதினது. அந்தப் பழைய வரி எதுக்குன்னு நான் இன்னும் தோண்டிப் பாத்திருக்கணும்."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் மேசையில் இருந்த ஒரு கீறலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 13, சனி

வீட்டில் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். நானும் அவளும் மட்டும். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். நீங்க ஒப்புதல் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கருத்து போட்டீங்கல்ல? ‘எண்ணாத மாதிரிக்கு என்ன போகும்’னு. எனக்கு மெயில் வந்துச்சு."

அழித்தால் அழிந்துவிடும் என்றுதானே நினைத்தேன். போட்ட உடனே அதன் நகல் அவளுக்குப் போயிருக்கிறது.

"திறந்து பாக்கறதுக்குள்ள கருத்த காணோம். ஒப்புதலும் வந்திடுச்சு. சரி, அக்காவே யோசிச்சு, பிரச்சின இல்லன்னு முடிவு பண்ணி எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். நான் ஒங்களக் கேட்டிருக்கணும். கேக்கல. அக்கா பாத்தா சரியா இருக்கும்னு விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான். யார்கிட்டயும் அந்த மெயில காட்டல, காட்டவும் மாட்டேன். ஒங்களுக்கும் இது கஷ்டமா இருக்கும்."

இதைவிட வசதியான வாசல் ஒருத்திக்குத் திறக்குமா? ஆமாம்மா, நானும் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று ஒரு வாக்கியம். வாய் வரைக்கும் வந்தது. அவள் கையில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. அழுதிருக்கிறாள், கண் வீங்கியிருந்தது. நேற்றிலிருந்து அந்த ஆறு பேரையும் தலையில் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள் – நான் ஏற்றிவைத்த சுமையை.

"தெரிஞ்சேதான் அழிச்சேன்" என்றேன்.

புரியவில்லை அவளுக்கு. "என்னது?"

"பூஜ்யம் போகும்னு தெரியும். தெரிஞ்சே அழிச்சு, தெரிஞ்சே ஒப்புதல் குடுத்தேன். சோதனைக்குக் குடுத்த ஃபைல்லயும் இடைக்கால அறிக்கை ஒண்ணுகூட வைக்கல."

"ஏன்?"

ஏன். எவ்வளவு யோசித்து வைத்திருந்தேன் இதற்கு. வேலைப்பளு, பாதி, ஒன்பது வருடம். ஒன்றும் வரவில்லை.

"வயித்தெரிச்சல்" என்றேன்.

கையைத் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக. பிறகு சொன்னாள்: "என்கிட்ட சொல்லிட்டீங்க. ஆஸ்பத்திரில இருக்கற ஆறு பேர்கிட்ட யாரு சொல்லுவா?"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படார் என்று சாத்தவில்லை. சத்தமே இல்லாமல்.

ஏப்ரல் 15, திங்கள்

பாதியிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், நேரத்தோடு.

"நீங்க சொல்லாம இருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார்.

"சின்னவளுக்குத் தெரியும் சார். எனக்கும் தெரியும்."

ராஜினாமாக் கடிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை. அவருக்குக் கோபம் வந்து இதுவரை பார்த்ததில்லை, இன்று பார்த்தேன். "எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டா? அந்தப் பழைய கோட்ல இன்னும் இந்த மாதிரி எத்தன வரி இருக்கு?"

"அறுபது இருக்கும்."

"எல்லாம் ஒங்க தலைக்குள்ள. இல்ல? அத ஒண்ணு விடாம எழுதி வெச்சிட்டு அப்புறம் போறதப் பத்திப் பேசுங்க."

இனி யாருடைய நிரலுக்கும் நான் ஒப்புதல் கொடுக்க முடியாது. எச்சரிக்கைக் கடிதம் வரும். வாரியத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுக்க வேண்டும், என் கையெழுத்தோடு. நான் எழுதும் ஒவ்வொன்றையும் சின்னவள் பார்ப்பாள்.

"அவங்க ஒத்துக்கிட்டாதான்" என்றார். ஒத்துக்கொண்டாளாம். ஒரே நிபந்தனை – பேச்சு எதுவும் நேரில் வேண்டாம், எல்லாம் எழுத்தில்.

ஏப்ரல் 17, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆறு பேரில் நான்கு பேரை ஏற்கனவே அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற தையல்காரராம். என்னை வாரியத்து ஆள் என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் வேகம் இல்லை, மாடிக்கு ஏறுவதில்லை என்று குறை சொல்ல ஆரம்பித்தார்.

"ஐயா, தண்ணி நல்லா இருக்குன்னு தப்பா சொன்னது எங்க ஆபீஸ். அதுல என் தப்பு இருக்கு. தெரிஞ்சு செஞ்சது" என்றேன்.

"தெரிஞ்சா?" என்றார். தலையாட்டினேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கத்துப் படுக்கைக்காரர் மனைவி, "நீங்க போங்கம்மா" என்றார்.

வந்துவிட்டேன். மன்னிப்பு வாங்கிக்கொண்டு வரலாம் என்று ஒரு மூலையில் நினைத்துத்தான் போயிருக்கிறேன் போல.

ஏப்ரல் 21, ஞாயிறு

கடைசி ஆளும் நேற்று இல்லத்துக்குத் திரும்பிவிட்டார். தையல்காரர்தான்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அவ உன்ன அக்கான்னுதானே கூப்பிட்டா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

மே 6, திங்கள்

கொழுந்தனும் அவளும் தனி வீடு பார்த்துப் போய்விட்டார்கள். அலுவலகத்துக்குப் பக்கம், வசதி என்று சொன்னார்கள். அத்தை நம்பவில்லை. "உங்க ரெண்டு பேருக்கும் என்னடி?" என்று என்னைக் கேட்டார். "தப்பு என்மேல அத்தை" என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை, ஆனால் மூட்டை கட்டும்போது எல்லாவற்றையும் அவள் பக்கமே நின்று எடுத்துக் கொடுத்தார்.

மகள் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் சித்தி வீட்டுக்குப் போவாளாம். போகட்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் இல்லை. இதைத்தானே கேட்டேன்?

மே 22, புதன்

இருபத்தேழு வரிகளுக்குக் காரணம் எழுதி முடித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி, ஒரு சோதனைக் கோப்பு, அந்தந்தப் புலத்தின் மேல் குறிப்பு. அவளிடமிருந்து வருவது ஒன்று ‘சரி’, இல்லை ‘சரியில்லை, மூன்றாவது வாக்கியம்’. ‘அக்கா’ கிடையாது. ‘மேடம்’ கிடையாது.

பொறாமை போய்விட்டதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை. நேற்று பாதி அவளைப் புதுக் குழுவுக்குத் தலைமை ஏற்கச் சொன்னார் என்று கேள்விப்பட்டதும் அதே வயிற்றெரிச்சல். பழைய இடம், பழைய வலி. ஆனால் அதை இப்போது பார்த்தாலே அடையாளம் தெரிகிறது. வேறு பெயர் சொல்லி ஏமாற்றிக்கொள்ள முடிவதில்லை.

ஜூன் 18, செவ்வாய்

இன்று ஐம்பத்தெட்டாவது வரிக்கு எழுதி அனுப்பினேன். குளோரின் அளவு நான்குக்கு மேல் போனால், மாதிரி எடுத்த நேரத்தோடு பதினைந்து நிமிடம் கூட்டி எழுது என்று இருக்கிறது. ஒரு பத்தி காரணமும் எழுதினேன், ஆய்வுக்கூட நடைமுறை அது இது என்று, வழவழவென்று.

அரை மணியில் அவள் கருத்து வந்தது. ‘இது நிஜமா காரணமா, இல்ல ஊகமா?’

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். முதலில் கோபம். ஒன்பது வருடம் எழுதியவளைப் பார்த்து என்ன கேள்வி. பிறகு யோசித்தேன். யாரோ போனில் சொன்னது. யார்? எந்த வருடம்? எவ்வளவு தோண்டியும் கிடைக்கவில்லை. இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லையே, அவளுக்குத் தோன்றிவிட்டதே என்று ஒரு எரிச்சல், அதுவும் வந்தது. வரட்டும்.

பத்தியை அழித்தேன். எழுதினேன்: "ஊகம். உண்மையில் எனக்குத் தெரியாது."

அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். தலைக்குள் எல்லாம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான்.

ஐந்து நிமிடத்தில் பதில்.

‘எனக்கும் தெரியல. ஆய்வுக்கூடத்துல நேர்லதான் கேக்கணும். நாளைக்கு ஒம்பது மணி பஸ். வர முடியுமா?’

முடியும் என்று எழுதினேன்.